முக்கொம்புப் படுகையில் நடமாடுவது எந்த விலங்கு? விவசாயிகளே செய்யக்கூடிய கணக்கெடுப்பு

விடியற்காலையில் வாழைக்கொல்லைக்குப் போகிறீர்கள். பத்து மரம் சாய்ந்து கிடக்கிறது, அடியில் கிழங்கு தோண்டப்பட்டிருக்கிறது. பக்கத்துக் கொல்லைக்காரர் பன்றி என்கிறார். இன்னொருவர் பெருச்சாளி என்கிறார். மூன்றாமவர் ராத்திரி நரி ஊளையிட்டதைக் கேட்டேன் என்கிறார். மூவரும் மூன்று வைத்தியம் சொல்வார்கள். மூன்றுக்கும் பணம் செலவாகும். அதில் ஒன்றிரண்டு உங்களைச் சிறைக்கும் அனுப்பலாம்.

முக்கொம்பு, ஜீயபுரம், எலமனூர், மேலூர், அக்கரையில் வாத்தலை, குணசீலம் பக்கத்து விவசாயிகளுக்கு நான் முதலில் சொல்வது, விரட்டுவதற்கு முன்னால் எண்ணுங்கள் என்பதுதான். எந்த விலங்கு, எந்த வழியாக, எத்தனை மணிக்கு, ஏறக்குறைய எத்தனை என்ற நான்குக்கும் விடை தெரியாமல் வேலி போடுவது, மண் பரிசோதனை செய்யாமல் உரம் போடுவதைப் போன்றது. காட்டியல் ஆய்வாளர்கள் துண்டுக் காடுகளில் பாலூட்டிகளைக் கணக்கெடுக்கப் பயன்படுத்தும் முறைகளில் பாதியை ஒரு விவசாயி தன் படுகையிலேயே செய்துவிட முடியும்.

இங்கே காடு எங்கே இருக்கிறது?

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை வெள்ளத்தைக் கொள்ளிடத்தில் தள்ளி, பாசன நீரைக் காவிரியில் நிறுத்துகிறது. இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் கல்லணை வரைக்கும் நீள்வதுதான் திருவரங்கத் தீவு. ஒரு காலத்தில் இரு கரையிலும் நீர்மருது, நாவல், புங்கன், நாணல் என்று தொடர்ச்சியாக நின்ற ஆற்றோரக் காடு இப்போது துண்டு துண்டாக நிற்கிறது. மேலூர்ப் பக்கம் மேலணைக் காப்புக்காடு ஒரு துண்டு. 2015இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்கா அதற்குள்தான் இருக்கிறது. ஆற்றுக்குள் நாணல் மண்டிய மணல்திட்டுகள் சில துண்டுகள். கோயில் நந்தவனம், பழைய தோப்பு, யாரும் வெட்டாமல் விட்ட சீமைக்கருவேல் புதர் இவையும் துண்டுகளே. நடுவில் வாழை, கரும்பு, நெல், வீடு, சாலை, இருப்புப்பாதை.

காடு சுருங்கும்போது எல்லா விலங்கும் ஒரே அளவில் குறைவதில்லை. நிறைய இடம் தேவைப்படும் பெரிய விலங்குகள் முதலில் போய்விடும். எதையும் தின்று எங்கும் ஒளிந்துகொள்ளும் நடுத்தர விலங்குகள் தங்கிவிடும், சில பெருகவும் செய்யும். காட்டுப்பன்றி, நரி, காட்டுப்பூனை, மரநாய், புனுகுப்பூனை, கீரி, முயல், குரங்கு இந்த வகை. காவிரி நீர்நாய் வாழும் ஆறு என்பதால் கரையோரத்தில் அதன் தடத்தையும் தேட வேண்டும். தெருநாயையும் பட்டியலில் சேருங்கள். துண்டுக் காட்டில் முயலையும் கீரியையும் அதிகம் துரத்துவது பெரும்பாலும் அதுதான். மயிலைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. அது பறவை, அதை எண்ணும் முறையே வேறு.

துண்டுக் காடு என்றதும் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது வால்பாறை. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் தீவுகளைப்போல நிற்கும் மழைக்காட்டுத் துண்டுகளில் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நீண்ட காலமாக விலங்குகளைப் பதிவு செய்து வருகிறார்கள். யானைக் கூட்டம் எந்தத் துண்டிலிருந்து எந்தத் துண்டுக்கு எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்த பிறகுதான், இன்றைக்கு யானை எங்கே நிற்கிறது என்பதைத் தொழிலாளர்களுக்குக் குறுஞ்செய்தியில் சொல்லும் ஏற்பாடு 2011இல் வந்தது. நமக்கு இன்னும் அருகில், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் நிலம் 2022 அக்டோபரில் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தேவாங்கு கையளவு விலங்கு, ஊருக்குள் பலர் பார்த்தே இருக்க மாட்டார்கள். இரவில் தலைவிளக்குடன் நடந்து, விளக்கொளியில் மின்னும் கண்களை எண்ணித்தான் அதைக் கணக்கெடுக்கிறார்கள். கடவூரின் வறண்ட காட்டில் அது நல்ல எண்ணிக்கையில் இருப்பது அப்படித்தான் தெரியவந்தது.

எப்போது எடுப்பது

முக்கொம்புக்கு ஏற்ற காலம் பிப்ரவரி முதல் மே வரை. ஆற்றில் நீர் வற்றி மணல் வெளியே தெரியும். மணல்தான் நம் நோட்டுப்புத்தகம். ராத்திரி நடந்த எல்லாம் காலையில் அதில் எழுதப்பட்டிருக்கும். மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12இல் திறக்கும் தண்ணீர் மூன்று நான்கு நாளில் முக்கொம்புக்கு வந்துவிடும். அதன்பின் திட்டுகளுக்குப் போகவே முடியாது. வெள்ளம் எவ்வளவு வேகமாக வரும் என்பதை, 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் உடைந்ததைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோடையிலும் ஆற்றுக்குள் இறங்குமுன் அணையில் நீர் திறப்பு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: கேட்பது

ஆடு மேய்ப்பவர், மீன் பிடிப்பவர், இரவில் நீர் பாய்ச்சுபவர் ஆகிய மூவரிடமும் முதலில் பேசுங்கள். "நரி பார்த்தீர்களா?" என்று கேட்டால் பாதிப் பேர் மரியாதைக்காகவே ஆமாம் என்பார்கள். "கடைசியாக ராத்திரியில் என்ன பார்த்தீர்கள், எங்கே, எந்த மாதம்?" என்று கேளுங்கள். பெயரில் குழப்பம் வரும். மரநாய் என்று ஒருவர் சொல்வதை இன்னொருவர் புனுகு என்பார். செல்போனில் படம் காட்டிக் கேட்பது நல்லது. பட்டியலுக்கு நடுவில், நம் ஊரில் இருக்கவே முடியாத ஒரு விலங்கின் படத்தையும் வையுங்கள். அதையும் பார்த்தேன் என்பவரின் மற்ற பதில்களை எப்படி எடுத்துக்கொள்வது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மணல் தட்டு

செலவில்லாத, நம்பகமான முறை இது. படுகை ஓரமாக விலங்கு நடக்கக்கூடிய பாதை, வாய்க்கால் கரை, வேலி இடுக்கு இவற்றில் 250 மீட்டருக்கு ஒன்றாக, மூன்றடிக்கு மூன்றடி இடத்தைச் சுத்தம் செய்து, சலித்த நைஸ் மணலை ஒரு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். மாலையில் பலகையால் தேய்த்துச் சமப்படுத்தி, நடுவில் உங்கள் விரலால் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். ரேகை தெரிந்தால் தடமும் தெளிவாக விழும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன், சூரியன் சாய்வாக இருக்கும்போது பாருங்கள். உச்சிவெயிலில் தடத்தின் நிழல் மறைந்துவிடும். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து நேர் மேலிருந்து படம் எடுத்து, தேதியும் தட்டின் எண்ணும் எழுதி, மறுபடி தேய்த்துவிட்டு வாருங்கள். மணலில் கருவாடோ பழமோ வைக்க வேண்டாம். வாசனைக்குத் தெருநாய்தான் முதலில் வரும்.

தடம் படிக்கச் சில குறிப்புகள். பன்றிக்கு இரண்டு குளம்பு, அகலமாக இருக்கும். ஈர மண்ணில் பின்னால் இரண்டு சின்னக் குறிகளும் பக்கவாட்டில் விரிந்து பதியும். ஆடு, மான் நடந்தால் அந்தப் பின்குறி சாதாரணமாக விழாது. ஆனால் ஊரில் அவிழ்த்து விடும் வளர்ப்புப் பன்றிக்கும் இதே தடம்தான். தடத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முயலாதீர்கள், படம் வேண்டும். வளர்ப்புப் பன்றி என்றால் புகார் போக வேண்டிய இடம் வனத்துறை அல்ல, உள்ளாட்சி.

நரியையும் நாயையும் பிரிப்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. இரண்டுக்கும் நான்கு விரல், இரண்டுக்கும் நகக்குறி உண்டு. நரியின் நடு விரல் மெத்தைகள் இரண்டும் பின்பக்கம் ஒட்டியிருக்கும், தடம் குறுகலாகத் தெரியும். நாய் வளைந்து வளைந்து, முகர்ந்துகொண்டு போகும். நரி நூல் பிடித்ததுபோல நேராகப் போகும். பூனை இனத்துக்கு வட்டத் தடம், நகம் விழாது. வீட்டுப்பூனைத் தடம் 3 சென்டிமீட்டர் அளவு, காட்டுப்பூனைத் தடம் அதைவிடத் தெளிவாகப் பெரிது. மரநாய், புனுகு, கீரி மூன்றுக்கும் ஐந்து விரல். கீரியின் முன்காலில் நீண்ட நகம், விரலைவிட்டுத் தள்ளிக் குத்தியிருக்கும்.

நீர்நாய்க்கும் ஐந்து விரல்தான், ஆனால் விரல்களுக்கு நடுவில் சவ்வு உண்டு. தடத்தைவிட எச்சம் சுலபமான சாட்சி. கரையோரப் பாறையிலும் மணல் மேட்டிலும் கூட்டமாக ஒரே இடத்தில் கழிக்கும். மீன் செதிலும் முள்ளும் நிறைந்திருக்கும், நாற்றமும் தனி. மரநாய் எச்சம் பெரும்பாலும் உயரமான இடத்தில், மதில்மேல், விழுந்த மரத்தின்மேல் கிடக்கும். உள்ளே பழக்கொட்டை இருக்கும். எச்சத்தை வெறுங்கையால் தொடாதீர்கள். குச்சியால் பிரித்துப் பாருங்கள்.

பயிரில் விழும் அடையாளங்களும் உதவும். கரும்பின் அடிக்கணுவில் கொறித்த ஓட்டை, பக்கத்தில் மண் குவித்த வளை என்றால் பெருச்சாளி. கரும்பு முறிந்து, மென்று துப்பிய சக்கை சிதறி, தரை உழுததுபோல் கிடந்தால் பன்றி. நரியும் கரும்பைக் கடிக்கும், தர்பூசணியும் தின்னும், இல்லையென்று சொல்வது பொய். ஆனால் அது வாழைக்கிழங்கைத் தோண்டுவதில்லை. அதன் எச்சத்தைப் பிரித்துப் பாருங்கள், எலி மயிர் எவ்வளவு கிடைக்கிறது என்று தெரியும்.

தானியங்கிக் கேமரா

உடல் வெப்பமும் அசைவும் பட்டால் தானாகப் படம் எடுக்கும் கருவி இது. உழவர் குழுவோ, உற்பத்தியாளர் நிறுவனமோ இரண்டு மூன்று வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். முழங்கால் உயரத்தில், பாதையிலிருந்து 10 முதல் 12 அடி தள்ளி, சற்றுக் கோணலாகக் கட்ட வேண்டும். வடக்கு அல்லது தெற்குப் பார்த்து வையுங்கள். நான் முதன்முதலில் ஒன்றைக் கிழக்குப் பார்த்து நாணலுக்கு எதிரில் கட்டிவிட்டு வந்தேன். ஒரு வாரத்தில் அறுநூறு சொச்சம் படம் கிடைத்தது, அத்தனையும் காற்றில் ஆடும் நாணலும் உதய சூரியனும். எதிரில் இருக்கும் புல்லையும் கிளையையும் நறுக்கிவிடுங்கள். தேதி, நேரம் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். நேரம் தவறிய படம் பாதிக் கணக்குக்கு உதவாது.

உங்கள் பட்டா நிலத்தில் கட்டலாம். காப்புக்காட்டுக்குள் மாவட்ட வன அலுவலரின் அனுமதி இல்லாமல் நுழையவோ, கேமரா கட்டவோ கூடாது. ஆற்றுக்குள் என்றால் நீர்வளத் துறையைக் கேளுங்கள். படித்துறை, பெண்கள் குளிக்கும் இடம், காலைக்கடனுக்குப் போகும் வழி ஆகியவற்றின் பக்கம் கேமராவின் முகமே திரும்பக் கூடாது. கட்டியிருக்கிறோம் என்று ஊரில் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கட்டினால் கேமராவும் போகும், ஊர்ப் பொல்லாப்பும் வரும்.

எண்ணும்போது செய்யும் இரண்டு தவறுகள்

நாற்பது படத்தில் பன்றி இருந்தால் நாற்பது பன்றி என்று பொருள் அல்ல. ஒரே கூட்டம் தினமும் அதே வழியில் வந்திருக்கலாம். புலிக்கு வரியை வைத்து ஆளை அடையாளம் காணலாம், பன்றிக்கு முடியாது. அதனால் ஆய்வாளர்கள் அரை மணி நேரத்துக்குள் ஒரே இடத்தில் விழும் படங்களை ஒரே வருகையாக எடுத்துக்கொள்கிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். எண்ணிக்கை வேண்டுமென்றால், ஒரே படத்தில் அதிகமாகத் தெரிந்த தலைகளை எண்ணுங்கள். ஏழு தெரிந்தால் "குறைந்தது ஏழு" என்று எழுதுங்கள். ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு கேமராவிலும் ஒரே நேரத்தில் கூட்டம் விழுந்தால் மட்டுமே இரண்டையும் கூட்டலாம்.

மற்ற தவறு, பார்க்காததை இல்லை என்று எழுதுவது. ஒரு விலங்கு உங்கள் படுகையில் இருந்தும், ஒரு ராத்திரியில் தட்டில் மிதிக்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ராத்திரி பார்த்து எதுவும் விழாமல் போக 33 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பத்து ராத்திரி என்றால் அது 11 சதவீதம். பதினான்கு ராத்திரியில் 4 சதவீதத்துக்கு வந்துவிடும். ஆகவே குறைந்தது இரண்டு வாரம் பாருங்கள். இரண்டு நாள் பார்த்துவிட்டு "இங்கே நீர்நாயே கிடையாது" என்று எழுதித் தருவது, இல்லாததை இருக்கிறது என்று எழுதுவதற்குச் சமமான தவறு.

கணக்கு எழுதுவது எளிது. ஆறு தட்டு, பதினான்கு ராத்திரி என்றால் 84 தட்டு-ராத்திரி. அதில் 21இல் பன்றித் தடம் விழுந்திருந்தால் 25 சதவீதம். இது பன்றியின் எண்ணிக்கை அல்ல, நடமாட்டத்தின் அளவு. வேலி போட்டபின், அல்லது அடுத்த கோடையில், அதே ஆறு இடத்தில், அதே மாதத்தில், அதே பதினான்கு ராத்திரி பார்த்தால் கூடியதா குறைந்ததா என்று சொல்லலாம். இடத்தையோ மாதத்தையோ மாற்றினால் ஒப்பிட முடியாது. எந்தத் தட்டில் அதிகம் விழுகிறது என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நுழைவு வழிகள்தான் இருக்கும், பல இடங்களில் அது வாய்க்கால் கரையாகவே இருக்கும். ஐந்து ஏக்கரைச் சுற்றி அடைப்பதா, அந்த இரண்டு வாயை அடைப்பதா என்பதில் உங்கள் பணம் அடங்கியிருக்கிறது.

காகிதம் கையில் இருந்தால்

காட்டுப்பன்றி குறித்துத் தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த நடைமுறை, காப்புக்காட்டு எல்லையிலிருந்து உள்ள தூரத்தை வைத்து மூன்றாகப் பிரிகிறது. ஒரு கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை, பிடித்துக் காட்டில் விடுவது. மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் மட்டும் சுடலாம், அதையும் வனத்துறையினர்தான் செய்ய வேண்டும். விவசாயிக்குத் துப்பாக்கி உரிமம் இருந்தாலும் அவர் சுட முடியாது. திருவரங்கத் தீவின் மேற்குப் பகுதியில் நிலம் வைத்திருப்பவர்கள் இதைக் கூர்ந்து படிக்க வேண்டும். மேலூர்க் காடு பார்வைக்குச் சின்னதாக இருந்தாலும் அதுவும் காப்புக்காடுதான். உங்கள் சர்வே எண் எந்தத் தூரத்தில் வருகிறது என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். "பன்றித் தொல்லை தாங்கவில்லை" என்று மட்டும் எழுதிய மனுவைவிட, தேதி வாரியாகத் தடமும் படமும் இணைத்த மனுவைக் கிராம நிர்வாக அலுவலரும் வனவரும் தட்டிக்கழிப்பது கடினம். இழப்பீட்டு மனுவுக்கும் இதே பதிவு உதவும்.

விரட்டுவதாக நினைத்து மின்கம்பியிலிருந்து நேராகக் கொக்கி போட்டு வேலிக்கு மின்சாரம் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ராத்திரி நீர் பாய்ச்ச வரும் பக்கத்துக் கொல்லைக்காரரும், வைத்தவரின் மகனும் அதே கம்பியில்தான் கால் வைப்பார்கள். சூரிய மின்வேலி போடுவதாக இருந்தாலும் 2023இல் வந்த விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும்.

நாட்டுவெடியும் விஷமும் ஆளைப் பார்த்துக் கொல்வதில்லை. பன்றிக்கு வைத்ததை நரி கடிக்கும், ஆடு மேய்ப்பவரின் நாய் கடிக்கும், மாடும் கடிக்கும். 2020 ஜூனில் இதே ஜீயபுரம் பகுதியில், இறைச்சிக்குள் வெடி வைத்து நரியைக் கொன்ற வழக்கில் 12 பேர் கைதானார்கள். நரி, நீர்நாய், காட்டுப்பூனை எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பன்றியும் அப்படித்தான், மேலே சொன்ன நடைமுறைக்கு வெளியே அதைக் கொல்வதும் குற்றமே. என்னிடம் வந்த ஒரு வாழை விவசாயி, நரியைத் தொலைக்க வழி கேட்டுத்தான் வந்தார். இரண்டு வாரம் மணல் தட்டு வைத்துப் பார்க்கச் சொன்னேன். நரித் தடம் மூன்று ராத்திரி விழுந்தது. பன்றித் தடம் ஒன்பது ராத்திரி, ஒரே வாய்க்கால் மதகு வழியாக. அந்த இடத்தை மட்டும் கம்பிவலை கட்டி அடைத்தார். அந்தப் பருவத்தில் அவருடைய பூவன் தார் முழுதும் சந்தைக்குப் போனது. நரி இன்னும் வந்துபோவதாகச் சொல்கிறார், வயலில் எலி வளை குறைந்திருப்பதாகவும் சொல்கிறார். இரண்டாவது செய்தியை நான் அளந்து பார்க்கவில்லை.

தடப் படங்களில் சந்தேகம் இருந்தால், ஸ்கேலுடன் எடுத்த படம், தேதி, தட்டு இருந்த இடம் மூன்றையும் எடுத்துக்கொண்டு சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வனச்சரக அலுவலகத்துக்கோ வாருங்கள். ஸ்கேல் இல்லாத படத்தை வைத்து நாயா நரியா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. படுகையில் கட்டிய கேமராக்களை ஜூன் முதல் வாரத்திலேயே அவிழ்த்துவிடுங்கள்.